கோவிந்தசாமி மதகும் விலையில்லா இயங்குதளமும்

அன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில், வெள்ளாற்றுத் தென்கரைப் பாசனதாரர் ஒன்றியத்தின் தலைமை அலுவலகக் கூட்ட அறையில் இருந்தவர்கள் இவர்கள்: ஒன்றியத்தின் தனி அலுவலர் சந்திரலேகா, கண்காணிப்பாளர் சுப்பிரமணியன், தட்டச்சு வேலை பார்க்கும் உதவியாளர் மாலதி, சிதம்பரம் கிளையின் செயலாளர் அருள்மொழி, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒப்பந்தக்காரர் ராஜ்கமல். இவர்களோடு, கூட்டத்துக்கு அழைக்கப்படாமல், வேறு காரியமாக வந்து, வெளியே பெஞ்சின் கால் உடைந்திருந்ததால் உள்ளே உட்கார வைக்கப்பட்ட கலியமூர்த்தி. மேசையின்மேல் சிவப்புத் துணி போர்த்திய நிலையில் ஒன்றியத்தின் கம்ப்யூட்டரும் இருந்தது. அதைத் துணியோடு பார்த்தால் யாரோ முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

வெள்ளாற்றின் தென்கரையில் உள்ள வாய்க்கால்களைப் பராமரிப்பது இந்த ஒன்றியத்தின் வேலை. மஞ்சக்குப்பத்தில் வெள்ளாறு கிடையாது. ஆனால் மற்ற அலுவலகங்களெல்லாம் அங்கே இருப்பதால் இதுவும் அங்கே இருக்கிறது. தண்ணீர் பார்க்க வேண்டியவர்கள் சிதம்பரம் பக்கம் இருப்பார்கள். கையெழுத்து வேண்டியவர்கள் பஸ் ஏறி வருவார்கள். கலியமூர்த்தி அப்படிப் பலமுறை வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் மடித்த துண்டு. எழுபதைத் தாண்டியும் முதுகு வளையவில்லை. நாற்காலியில் சாய்வது அவருக்குப் பழக்கமில்லை.

அவர் வந்த காரியம் இது. சிதம்பரத்துக்குக் கிழக்கே அவருடைய ஊர். ஊர் வயல்களுக்குத் தண்ணீர் விடும் மதகைக் கட்டியவர் அவருடைய தாத்தா கோவிந்தசாமி. அரசாங்கம் கட்டித் தரட்டும் என்று ஊரே காத்திருந்த காலத்தில், தன் நிலத்தில் சூளை போட்டு, தன் செங்கல்லால், யாரிடமும் ஒரு கூடை மண் கேட்காமல் கட்டினார். அன்றிலிருந்து அது கோவிந்தசாமி மதகு. மினி பஸ் நடத்துநர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆள் இறக்குவார். இந்த ஆண்டு ஒன்றியம் எல்லா மதகுகளுக்கும் கருங்கல்லில் பெயர் வெட்டி ஆடிப்பெருக்கு அன்று திறக்கப்போவதாக அறிவித்தது. பெயர்கள் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்கப்படும் என்றார்கள். கம்ப்யூட்டரில் அந்த மதகின் பெயர் உத்திராபதி மதகு என்று இருந்தது.

உத்திராபதி இறந்துபோன பெரிய மனிதர் அல்ல. உயிரோடு இருக்கிறார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு. கலியமூர்த்திக்கு மருமகன் முறை. அந்த மதகுக்கு அவர் செய்த தொண்டு, மாலை வேளைகளில் அதன்மேல் உட்கார்ந்து சீட்டாடியது. எப்போதோ கணக்கெடுக்க வந்தவர்கள், "இது பேர் என்னா?" என்று கேட்டிருக்கிறார்கள். மதகின் மேல் உட்கார்ந்திருந்த ஆள் தன் பெயரைச் சொல்லியிருக்கிறார். அதை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

குடும்பத்துக்கென்று ஒரு பெயர் இருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. இல்லாதவர்களுக்கு விளக்கிப் பயனில்லை.

கூட்டம் தொடங்கியது. சந்திரலேகா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நம்ம கம்ப்யூட்டர்ல ஓடுற விண்டோஸ் காலாவதி ஆயிடுச்சுன்னு சுற்றறிக்கை வந்திருக்கு. காலாவதி ஆன பொருளை அரசுப் பணிக்குப் பயன்படுத்தக் கூடாது. அதனால இன்னைல இருந்து யாரும் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது."

"எப்ப காலாவதி ஆச்சு மேடம்?" என்றார் அருள்மொழி.

"அது ஆயி அஞ்சாறு வருசம் இருக்கும். நமக்கு இப்பத்தான் தெரியும். தெரிஞ்சப்புறம் தொட்டாத்தான் தப்பு."

கலியமூர்த்தி தொண்டையைச் செருமினார். "அம்மா, ஒரு பேரு திருத்தணும். அவ்வளவுதான். ஒரு நிமிசம் தொறந்து…"

"ஐயா," என்றார் சுப்பிரமணியன் மிகுந்த மரியாதையோடு, "உங்க வயசுக்குத் தெரியாததில்ல. காலாவதி ஆன மாத்திரைய ஒரே ஒரு தடவ சாப்பிடுறேன்னா விடுவாங்களா?"

மேலிடத்து உத்தரவில் மாற்றுவழியும் இருந்தது. லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, காசு கிடையாது, அதைப் போட்டுக்கொள்ளலாம். ராஜ்கமல் அதை ஒரு பென் டிரைவில் ஏற்றிச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். சாப்பாட்டு நேரத்துக்குள் போட்டுவிடலாம் என்றார். சாப்பாட்டு நேரத்துக்குள் ஒரு வேலை முடியலாம் என்ற கருத்து அறையில் இருந்தவர்களைச் சங்கடப்படுத்தியது.

"முதல்ல பழசைக் கழிக்கணும்," என்றார் சுப்பிரமணியன். "கழிவுப் பொருள் விதிப்படி ஏலம் விடணும். ராஜ்கமல், இந்த விண்டோஸ் என்ன எடை இருக்கும்?"

"எடையெல்லாம் கிடையாதுங்க சார். அது உள்ள இருக்கறது."

"நிறம்?"

ராஜ்கமல் யோசித்தார். "நீலம்னு போட்டுக்கலாம் சார்."

ராஜ்கமல் எதற்கும் முடியாது என்று சொல்பவர் அல்ல. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும்.

அடுத்து, புதியதை வாங்குவது. விதிப்படி மூன்று கடைகளில் விலைப்புள்ளி வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில் மூன்று கடைகளில் கேட்டு வரும்படி ராஜ்கமலை அனுப்பிவிட்டு, கூட்டம் வடை சாப்பிட்டது. கலியமூர்த்திக்கும் ஒரு தட்டு வந்தது. வேண்டாம் என்றார். ராஜ்கமல் திரும்பி வந்து மூன்று காகிதங்களையும் வைத்தார். மூன்றிலும் பூஜ்யம்.

சுப்பிரமணியன் முகம் வாடிவிட்டது. "மூணு பேரும் ஒரே தொகை போட்டிருக்காங்க. கூட்டுச் சேர்ந்து பண்ணிட்டாங்கன்னு தணிக்கைல எழுதுவான். யாராச்சும் ஒருத்தர மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுப்பா."

"பூஜ்யத்துலேர்ந்தா சார்?"

"பேசிப் பாரேன். வியாபாரின்னா கொஞ்சம் குறைப்பான்."

இந்தச் சிக்கலைத் தீர்த்து வைத்தவர் சந்திரலேகா. தனி அலுவலர் ஆவதற்கு முன் அவர் விலையில்லாப் பொருள்கள் வழங்கும் பிரிவில் வெகுகாலம் இருந்தவர். ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு மிக்சி கொடுத்த கை அது. அவர் மேசையைத் தட்டினார்.

"காசு இல்லாத பொருளை வாங்க முடியாது. வழங்கத்தான் முடியும். இது கொள்முதலே இல்ல. இது விலையில்லா இயங்குதளம் வழங்கும் விழா."

அறையில் வெளிச்சம் வந்தது போலாயிற்று. எல்லோருக்கும் தெரிந்த பாதை. பந்தல் வேண்டும், பேனர் வேண்டும், மேடை வேண்டும், ஸ்டிக்கர் வேண்டும், புகைப்படம் வேண்டும். சுப்பிரமணியன் சொல்லச் சொல்ல மாலதி எழுதிக்கொண்டே வந்தார். பிறகு பேனாவை நிறுத்தினார்.

"சார், பயனாளின்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல யாரைப் போடறது?"

ஒன்றியத்தைப் போடலாம் என்றார் அருள்மொழி. ஒன்றியத்துக்குக் குடும்ப அட்டை இல்லை என்றார் சந்திரலேகா. குடும்ப அட்டை இல்லாதவருக்கு விலையில்லாப் பொருள் வழங்கியதாக இந்த மாவட்டத்தில் வரலாறு இல்லை. ஊழியர்கள் வாங்கக்கூடாது. ஒப்பந்தக்காரர் வாங்கக்கூடாது. பாசனதாரராக இருக்க வேண்டும். வயதானவராக இருந்தால் படத்துக்கு நன்றாக இருக்கும்.

எல்லோரும் மெல்லத் திரும்பினார்கள். கலியமூர்த்தியின் மடியில், மனுவோடு இணைக்கக் கொண்டுவந்த குடும்ப அட்டை இருந்தது.

அவர் எழுந்து நின்றார். "எங்க குடும்பத்துல இலவசம் வாங்குற வழக்கமில்லீங்க."

அது உண்மை. ஊருக்கு டிவி வந்தபோது, வண்டியிலிருந்து இறக்குமுன்பே திருப்பி அனுப்பியவர் அவர். மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்தன, வாசலோடு போயின. பொங்கலுக்குக் கரும்பு தரும் வரிசையில் அவர் வீட்டு ஆள் யாரும் நின்றதில்லை. கொடுப்பது நல்லதா கெட்டதா என்று அவர் பேசமாட்டார். வாங்குகிறவர்களைக் குறை சொல்லவும் மாட்டார். எங்கள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

"நீங்க இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவேண்டாம் ஐயா," என்றார் சந்திரலேகா. "மேடைல வாங்கணும், படம் எடுத்ததும் திருப்பிக் குடுத்துடணும். அதைத்தான் கம்ப்யூட்டர்ல போடுவாங்க."

"அப்ப நான் எதுக்கு வாங்கணும்?"

"வாங்காம எப்படித் திருப்பிக் குடுப்பீங்க?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அருள்மொழி வாசல்வரை ஓடி வந்தார். "ஐயா, ஒண்ணே ஒண்ணு யோசிங்க. பயனாளி வந்தாத்தான் வழங்குவாங்க. வழங்குனாத்தான் போடுவாங்க. போட்டாத்தான் கம்ப்யூட்டர் தொறக்கும். தொறந்தாத்தான் உங்க தாத்தா பேரு. இல்லாட்டி, எங்கிட்ட ஏற்கனவே எடுத்து வச்ச காகிதத்துல இருக்கறதத்தான் கல்லுல வெட்டுவேன். எனக்கு வேற வழி கிடையாது."

சிதம்பரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம் தாண்டும்வரை அவர் உட்காரவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி தில்லையம்மாள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"கிரைண்டரத் திருப்பி அனுப்புனீங்க. சுத்துப்பட்டுல எல்லா வீட்லயும் அது கரகரன்னு ஓடுச்சு, நான் மட்டும் கையால ஆட்டிக்கிட்டு கெடந்தேன். அப்புறம் நீங்களே கடைல வாங்கியாந்தது ஒரே வருசத்துல பொகஞ்சு போச்சு. நான் ஏதாச்சும் சொன்னனா?"

"இப்பச் சொல்றியே."

"இது கண்ணுக்கே தெரியாத சாமான்ங்கறாங்க. வீட்டுக்கும் வரப்போறதில்ல. கண்ணுக்குத் தெரியாதத வாங்குனா நமக்கு என்னா கொறஞ்சு போவுது?"

"கௌரவமும் கண்ணுக்குத் தெரியாதுடி."

"ஆமாம், கல்லு தெரியும். ஊரே பாக்கும். உங்க தாத்தா கட்டுன மதகுல அந்தச் சீட்டாடி பேரு இருந்தா, செத்தப்புறம் போயி அவுருகிட்ட என்னா சொல்லுவீங்க? எலவசம் வாங்கலன்னா?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனார். மறுநாள் காலை வயலுக்குப் போகும்போது மதகருகே உத்திராபதி மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காலூன்றி நின்றார்.

"மாமா, கல்லு வெட்ற ஆளு அளவு எடுத்துட்டுப் போனான். எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும்னு சொல்லிட்டேன். நீங்க மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க. எம் பேருல இருந்தாலும் தண்ணி உங்க வயலுக்கும்தான் பாயும். நான் மறிக்க மாட்டேன்."

கலியமூர்த்தி அன்று வயலுக்குப் போகவில்லை. நேரே சிதம்பரம் போய், கிளை அலுவலகத்தில் அருள்மொழியிடம், "எப்ப வரணும்?" என்று மட்டும் கேட்டார். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

விழா மஞ்சக்குப்பத்தில், அலுவலக வாசலில் நடந்தது. பந்தலில் சீரியல் பல்பு எரிந்தது, பகல் வேளையில். பேனரில் கலியமூர்த்தியின் முகம் இடுப்பளவு உயரத்துக்கு இருந்தது. அதன்கீழே 'பயனாளி' என்று மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தார்கள். குடும்ப அட்டையிலிருந்த பழைய படத்தைப் பெரிதாக்கியதால், ஏதோ வழக்கில் தேடப்படுகிறவர் போலிருந்தார். ஆள் சேர்ப்பதற்காகப் பக்கத்து அலுவலகங்களுக்கு வேறு வேலையாக வந்தவர்களை உட்கார வைத்திருந்தார்கள். அவர்கள் மிக்சி தருவார்கள் என்று நினைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

சுப்பிரமணியன் வரவேற்றார். "பழைய விண்டோஸ் நமக்கு எவ்வளவோ வருசமா உழைச்சிருக்கு. அதுல நாம எந்த மனுவையும் முடிக்கலைங்கறது வேற விசயம். அது ஓடிக்கிட்டே இருந்துச்சு. அதுதான் முக்கியம். ஓடிக்கிட்டே இருக்கறதுதான் நிர்வாகம்."

கைதட்டினார்கள். பிறகு சந்திரலேகா மைக்கைப் பிடித்தார்.

"இந்த லினக்ஸை உலகத்துல யார் வேணும்னாலும், எப்ப வேணும்னாலும், யாரையும் கேக்காம எடுத்துக்கலாம்னு சொல்றாங்க. எடுத்துக்கறாங்க, போறாங்க. அதுல ஒரு ஒழுங்கு உண்டா? ஒரு விண்ணப்பம் உண்டா? ஒரு நன்றி உண்டா? அப்படிப்பட்ட ஒண்ணை, முறைப்படி, தகுதி பார்த்து, ஒரே ஒருத்தருக்கு மட்டும் குடுக்கற முதல் நிறுவனம் நம்ம ஒன்றியம்தான். எல்லாருக்கும் கிடைக்கிற பொருளுக்கு மதிப்பு இல்ல. அந்த மதிப்பை இன்னைக்கு நாங்க குடுத்திருக்கோம்."

பலத்த கைதட்டல். மாலதி தாம்பாளத்தை ஏந்தி வந்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவில் ராஜ்கமலின் பென் டிரைவ். அதன் குறுகிய முதுகில், ஒன்றியத்தின் முத்திரை போட்ட ஸ்டிக்கரை மடித்து மடித்து ஒட்டியிருந்தார்கள். சந்திரலேகா அதை எடுத்து நீட்டினார். கலியமூர்த்தி கையை நீட்டினார். பழக்கத்தில் அவருடைய கை மேலே இருந்து வந்தது, உள்ளங்கை கீழே பார்க்க.

"ஐயா, கை கீழ," என்றார் புகைப்படக்காரர்.

அவர் கையைக் கொஞ்சம் இறக்கினார்.

"இன்னும் கீழ ஐயா. உள்ளங்கை மேல பாக்கணும். குடுக்கற கை மேல, வாங்கற கை கீழ. இல்லாட்டி படத்துல நீங்க மேடத்துக்குக் குடுக்கற மாதிரி இருக்கு."

"எனக்கு அப்படி நீட்டிப் பழக்கமில்ல தம்பி."

"ரெண்டு கையும் சேர்த்து நீட்டிடுங்க ஐயா. சுலபமா இருக்கும்."

சந்திரலேகாவின் புன்னகை இறுகத் தொடங்கியிருந்தது. பந்தலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பின்வரிசையில் உத்திராபதி உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை. ஆனால் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்.

கலியமூர்த்தி தாத்தாவை நினைத்தார். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து, உள்ளங்கை மேலே பார்க்க நீட்டினார்.

"சிரிங்க ஐயா," என்றார் புகைப்படக்காரர்.

அதை மட்டும் அவர் செய்யவில்லை.

படம் எடுத்ததும் ராஜ்கமல் பென் டிரைவை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். அதற்குள் சுப்பிரமணியன், பயனாளி நன்றி சொல்ல வேண்டும் என்று மைக்கை நீட்டினார். கலியமூர்த்தி மைக்கைப் பார்த்தார். "மதகு எங்க தாத்தா கோவிந்தசாமி கட்டுனது," என்றார். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினார். பயனாளி உணர்ச்சிவசப்பட்டுப் பேச முடியாமல் தழுதழுத்தார் என்று ஒன்றியத்தின் செய்திக் குறிப்பு சொன்னது.

ராஜ்கமல் சொன்னபடியே சாப்பாட்டு நேரத்துக்குள் கம்ப்யூட்டர் திறந்துவிட்டது. மாலதி அதன்முன் உட்கார்ந்தார். புதிதாகப் போட்டதில், அவர் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் தட்டிப் பழகிய தமிழ் எழுத்துரு இல்லை. அது இல்லாமல் தட்டமாட்டேன் என்றார். ராஜ்கமல் பழைய விண்டோஸ் கோப்புகளிலிருந்து அதை எடுத்து உள்ளே போட்டுக் கொடுத்தார். மாலதி உத்திராபதியை அழித்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

கோவிந்தசாமி மதகு.

கலியமூர்த்தி குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்து, இருமுறை படித்தார். "ஒண்ணும் மாறிடாதே?" என்று கேட்டார்.

"இனிமே ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாதுங்க ஐயா. பூட்டியாச்சு," என்றார் சுப்பிரமணியன். "சிதம்பரத்துக்கும் இப்பவே அனுப்பிடறோம். நாளைக்கே அங்கயும் ராஜ்கமல் போயி லினக்ஸ் போட்டுடுவாரு. கிளைக்குத் தனியா விழா வேண்டாம்னு மேடம் பெருந்தன்மையா சொல்லிட்டாங்க."

அன்று பஸ்ஸில் அவர் உட்கார்ந்து வந்தார்.

மறுநாள் சிதம்பரம் கிளையில் நடந்ததை அவர் பார்க்கவில்லை. கல் வெட்டுபவர் பிறகு சொல்லித்தான் தெரியும். மாலதியின் எழுத்துரு பழைய காலத்து ஏற்பாடு. அதில் தட்டினால் உள்ளே பதிவது ஆங்கில எழுத்துகள்தான். அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவது அந்த எழுத்துரு. அது இருக்கிற கம்ப்யூட்டரில் தமிழ் தெரியும். இல்லாத கம்ப்யூட்டரில் போர்வை விலகி, உள்ளே இருப்பது தெரிந்துவிடும். தலைமை அலுவலகத்தில் ராஜ்கமல் அதைப் போட்டிருந்தார். கிளையில் லினக்ஸை மட்டும் போட்டார், எழுத்துருவைப் போடவில்லை. யாரும் போடச் சொல்லவில்லை.

அருள்மொழி காகிதத்தை அச்செடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கல் வெட்டுபவரிடம் கொடுத்தார்.

"சார், இங்கிலீசுல இருக்கு. ஆனா இங்கிலீசு மாதிரியும் இல்ல."

"தலைமை அலுவலகத்துலேர்ந்து வந்தது. நேத்துத்தான் விழா எடுத்துத் திருத்தியிருக்காங்க. அதுல ஒரு புள்ளிய நான் மாத்துனாலும் எனக்கு மெமோ."

"நடுவுல அரைப்புள்ளி ஒண்ணு இருக்கு சார். அதையும் வெட்டணுமா?"

அருள்மொழி கடலூருக்குப் போன் போட்டார். சுப்பிரமணியன், "நம்ம ஸ்கிரீன்ல அருமையா இருக்கு. பூட்டிட்டோம். என்ன அனுப்புனோமோ அதை அப்படியே வெட்டுங்க," என்றார். போன் வைத்தாயிற்று.

"இருக்கறத வெட்டு," என்றார் அருள்மொழி.

ஆடிப்பெருக்கு அன்று மதகடியில் பெண்கள் காதோலை கருகமணியோடு வந்திருந்தார்கள். சந்திரலேகா காரில் வந்து இறங்கினார். கலியமூர்த்தி புது வேட்டி கட்டி, தில்லையம்மாளோடு முன்னால் நின்றார். துணியை இழுத்தார்கள். கருங்கல் பளபளத்தது. எழுத்து ஆழமாகவும் அழகாகவும் இருந்தது. கான்வென்டில் படிக்கும் பிள்ளைகள் உரக்கப் படித்தார்கள்: என், எஃப், எச், டி, பி, இ, ஓர் அரைப்புள்ளி, ஜே, ஆர், எச், கே, பி. பிறகு ஓர் இடைவெளி, இன்னும் மூன்று எழுத்து.

தண்ணீர் மதகுக்குள் போகும் சத்தம் மட்டும் கேட்டது. சந்திரலேகா முதலில் கைதட்டினார். அவர் தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள்.

"என்னாங்க இது?" என்றாள் தில்லையம்மாள்.

கலியமூர்த்தி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "உத்திராபதின்னு இல்ல," என்றார்.

அதற்குப் பிறகு அவர் மஞ்சக்குப்பத்துக்கு மறுபடி போனார். பெஞ்சு இன்னும் சரி செய்யப்படவில்லை. சுப்பிரமணியன் அவரை அன்போடு அழைத்துப் போய்க் கம்ப்யூட்டரைக் காட்டினார். திரையில் கோவிந்தசாமி மதகு என்று தெளிவாக இருந்தது.

"பாருங்க ஐயா. எங்க பக்கம் ஒரு தப்பும் இல்ல. இங்க சரியா இருக்கு, அங்க வேற மாதிரி இருக்குன்னா, கல்லுலதான் ஏதோ கோளாறு."

"கல்லு அதுவாவா எழுதிக்கிச்சு? சிதம்பரத்துல இந்த எழுத்தப் போடலேங்கறாங்க. அதை அங்க போட்டு, மறுபடி அச்செடுத்து, வேற கல்லு வெட்டணும். கல்லுக்கு நான் குடுக்கறேன்."

சுப்பிரமணியன் சந்திரலேகாவின் அறைக்குள் போய்விட்டு வந்தார்.

"போடலாம்தான் ஐயா. ஆனா பாருங்க, அந்த எழுத்துருவுக்கும் காசு கிடையாது. அதுவும் விலையில்லாப் பொருள். தலைமை அலுவலகத்துல அவசரத்துல போட்டதுக்கே இப்ப விளக்கம் எழுதிக்கிட்டிருக்கோம். கிளைக்கு முறையா வழங்கணும்னா பயனாளி வேணும்."

கலியமூர்த்தி மடித்த துண்டைப் பிரித்தார். "சரி," என்றார். "எப்ப வரணும்?"

"நீங்க வரமுடியாதுங்க. ஒரு குடும்ப அட்டைக்கு ஒன்றியத்துலேர்ந்து ஒரு பொருள்தான். உங்க அட்டைல ஏற்கனவே இயங்குதளம் வாங்குனதா முத்திரை விழுந்துடுச்சு."

"அப்ப வேற யாராச்சும் ஊர்ல…"

"உங்க ஊர்லயே உத்திராபதிய அருள்மொழி கேட்டுப் பார்த்தாரு. அவர் வீட்ல ஏழெட்டுப் பொருள் வாங்கியிருக்காரு, நமக்குத் தெரிஞ்சதுதான். ஆனா இதுக்கு மட்டும் மாட்டேன்னுட்டார்."

"என்னா சொன்னான்?"

சுப்பிரமணியன் கொஞ்சம் தயங்கினார். "எங்க குடும்பத்துல இலவசம் வாங்குற வழக்கமில்லேன்னாரு."

கலியமூர்த்தி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். வாசலில் பந்தலைப் பிரித்திருந்தார்கள். பேனர் மட்டும் மதில்மேல் வெயிலுக்கு மறைப்பாகக் கட்டப்பட்டிருந்தது. அதன் நிழலில் யாரோ சைக்கிள் நிறுத்தியிருந்தார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்து, ஆட்டோ பிடித்து, திருப்பாதிரிப்புலியூர் போய்ச் சிதம்பரம் பஸ் ஏறினார். அதன்பின் அவர் ஒன்றியத்துக்கு எந்த மனுவும் கொடுக்கவில்லை.

ஊரில் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. கலியமூர்த்தி அந்த மதகை வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்றுவிட்டார், அதனால்தான் கல்லில் இங்கிலீசு எழுத்து இருக்கிறது, விற்றதற்கு மேடைபோட்டு அவருக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தார்கள், உத்திராபதியின் செல்போனில் இருக்கும் படம் அதற்குச் சாட்சி என்கிறார்கள். இது உண்மையல்ல. மதகை யாரும் விற்கவில்லை. கலியமூர்த்தி வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அந்தக் கல்லில் வெட்டியிருப்பது அவருடைய தாத்தா கோவிந்தசாமியின் பெயர்தான்.